தாஹான் மலைக்கு நான்கு நாள்

தீபகற்ப மலேசியாவின் மிக உயரமான சிகரம் தாஹான் மலை. 2,187 மீட்டர் உயரமுள்ள இம்மலை தாமான் நெகாரா தேசியப் பூங்காவினுள் அமைந்துள்ளது. அப்பூங்கா பகாங், கிளந்தான், திரெங்கானு ஆகிய மூன்று மாநிலங்களில் 4,343 சதுர கிலோமீட்டர் பரப்பில் விரிந்து கிடக்கிறது. சபாவிலுள்ள கினபாலு மலை 4,095 மீட்டர் உயரமுடையது, ஏறக்குறைய இருமடங்கு. ஆயினும், இரண்டையும் ஏறியவர்களுள் பலர் தாஹானே கடினம் என்பர். கினபாலுவில் ஏறுவோர்க்கு இரவில் தங்கக் கட்டடமும் படுக்கையும் சூடான உணவும் உண்டு. தாஹானில் கூரை, அரிசி, அடுப்பு அனைத்தையும் ஏறுபவரே முதுகில் சுமக்க வேண்டும்.

இம்மலை நெடுங்காலம் எவருக்கும் பிடிகொடுக்கவில்லை. 1899-ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வுக் குழுவோடு வந்த ஸ்கீட் என்பவர் முயன்று சிகரத்தை எட்டாமல் திரும்பினார். 1905-இல் சிலாங்கூர் அருங்காட்சியகத்தின் ஹெர்பர்ட் ராபின்சன் தலைமையில் சென்ற குழு வெற்றி கண்டது. அக்குழுவில் முதலில் சிகரத்தில் கால் வைத்தவர்கள் மலாய்க்காரர் நால்வர். வரலாற்று நூல்களில் தலைவரின் பெயரே பெரும்பாலும் முன்னால் நிற்பதால், இதனை இங்குக் குறிப்பிடுவது தகும்.

இன்று இம்மலையில் ஏற விரும்புவோர் நினைத்தவுடன் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட முடியாது. பூங்காவை நிருவகிக்கும் வனவிலங்கு, தேசியப் பூங்காத் துறையிடம் முன்கூட்டியே அனுமதி பெற வேண்டும். பெர்ஹிலித்தான் என்ற சுருக்கப் பெயரே மக்களிடம் வழக்கில் உள்ளது. பதிவுபெற்ற மலை வழிகாட்டி ஒருவரும் உடன்வர வேண்டும். இக்கட்டுப்பாடுகளை வெறும் தாள் வேலை என்று சலித்துக்கொள்வோர் உண்டு. காட்டுக்குள் யார் இருக்கிறார், எப்போது வெளியே வருவார் என்பது பதிவேட்டில் இல்லையென்றால், வராதவரைத் தேடிப் போவதற்கு எவருக்கும் தோன்றாது. யானையும் புலியும் தப்பிரும் வாழும் காட்டில் ஒரே நாளில் நூறு பேர் கூடாரமடித்தால், அங்குள்ள ஓடை நீரும் குடிப்பதற்கு உதவாது.

கிள்ளான் அருகே மேருவிலிருந்து அறுவர் இம்மலைக்குச் செல்லத் திட்டமிடுகின்றனர் என வைத்துக்கொள்வோம். அவர்களுள் இருவர் இடைநிலைப் பள்ளி மாணவர்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் குழுத் தலைவர்.

அவர்கள் முதலில் முடிவு செய்ய வேண்டியது பாதையை. கோலத் தாஹானிலிருந்து செல்லும் பழைய பாதை நீளமானது. தாஹான் ஆற்றைப் பலமுறை கடக்க வேண்டியது. போய்வர ஏறக்குறைய ஒரு வாரம் பிடிக்கும். கோலாலிப்பிசுக்கு வடக்கே மெராப்போவிலிருந்து தொடங்கும் பாதையை மூன்று அல்லது நான்கு நாளில் முடிக்கலாம். பள்ளி விடுமுறையை மனத்தில் கொண்டு குழு மெராப்போவைத் தேர்ந்தெடுக்கிறது. அங்குச் சுங்கை ரெலாவ் அலுவலகத்தில் பதிவு செய்தபின் நான்கு சக்கர இயக்க வண்டியில் கோலா ஜுராம் வரை செல்லலாம். பிறகு நடைதான். முதல் இரவு கோர் முகாம். இரண்டாம் இரவு குபாங் முகாம். மூன்றாம் நாள் பெரிய பைகளை அங்கேயே விட்டுவிட்டுச் சிறு பையோடு சிகரம் சென்று குபாங்குக்கே திரும்புதல். நான்காம் நாள் இறக்கம். திட்டம் தாளில் எளிதாகத்தான் தெரிகிறது.

அடுத்தது நாள். ஆண்டிறுதியில் வீசும் வடகிழக்குப் பருவக்காற்று கிழக்குக்கரை மாநிலங்களில் பெருமழை கொட்டும். அக்காலத்தில் பாதை மூடப்படுவதுண்டு. ஆகவே நீண்ட ஆண்டிறுதி விடுமுறை, பார்ப்பதற்கு வசதியாக இருந்தாலும், இப்பயணத்திற்கு ஏற்றதன்று. மற்ற மாதங்களிலும் மாலை மழை பெய்யும். மலைமேல் பெய்த மழையால், மழையே காணாத அடிவாரத்தில் ஆறு ஒரு மணி நேரத்தில் மார்பளவு ஏறிவிடக்கூடும். அப்போது கரையில் காத்திருக்க வேண்டும். நீர் வடிய அரைநாள்கூட ஆகலாம். அதனால் நான்கு நாள் பயணத்திற்கு ஐந்து நாள் உணவும் ஐந்து நாள் விடுப்பும் தேவை. திங்கட்கிழமை காலை வேலைக்குப் போயே ஆக வேண்டும் என்ற நிலையில் இருப்பவர்தான் பொங்கும் ஆற்றில் இறங்குகிறார்.

நேரத்தைக் கணக்கிட ஒரு பழைய விதி உண்டு. ஸ்காட்லாந்து மலையேறி நெய்ஸ்மித் 1892-இல் வகுத்தது. 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம். அதனோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்திற்கும் மேலும் ஒரு மணி நேரம். 10 கிலோமீட்டர் தூரமும் 1,200 மீட்டர் ஏற்றமும் உள்ள பாதைக்கு இவ்விதி 4 மணி நேரம் கொடுக்கிறது. ஆனால், இது வெட்டவெளி மலைகளுக்காக எழுதப்பட்டது. வேர்களும் சேறும் வழுக்குப் பாறையும் நிறைந்த நம் மழைக்காட்டில், சுமையோடு நடப்பவர் அதனை இருமடங்காக்கிக்கொள்வதே அறிவுடைமை.

குளிரைப் பற்றி மேருவாசிகளுக்கு நம்பிக்கை வருவது கடினம். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறக்குறைய 6 பாகை குறையும். மேருவில் நண்பகலில் 32 பாகை என்றால், அதே நேரம் சிகரத்தில் 19 பாகைதான் இருக்கும். இரவில் அதனினும் குறையும். மேனி நனைந்து, காற்றும் வீசினால், உடல் நடுங்கத் தொடங்கும், நாக்குக் குழறும், சிந்தனை தடுமாறும். வெப்ப நாட்டிலும் உடல்வெப்பக் குறைவு உயிருக்கு ஆபத்தாகலாம். எனவே உறங்குவதற்கான உலர்ந்த உடை ஒன்றை நெகிழிப் பையில் இறுகக் கட்டி வைக்க வேண்டும். எவ்வளவு நனைந்தாலும் பகலில் அதைத் தொடக் கூடாது. காலையில் மீண்டும் ஈர உடையையே அணிய நேரிடும். அது இன்பமான வேலையன்று.

சுமை உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டாமல் இருப்பது நல்லது. 55 கிலோகிராம் எடையுள்ள மாணவர் 11 கிலோகிராம் தூக்கலாம். ஒரு லிட்டர் நீரே ஒரு கிலோகிராம். ஒருவருக்கு நாளொன்றுக்கு 600 கிராம் உலர் உணவு என்றால் ஐந்து நாளுக்கு 3 கிலோகிராம் ஆகிவிடும். கூடாரம், அடுப்பு, எரிவாயுக் குடுவை, பானை ஆகியவற்றை ஆறு பேரும் பகிர்ந்துகொள்ள வேண்டும். தகரக் குவளையில் அடைத்த சார்டினைவிட வறுத்த நெத்திலியும் பருப்புப் பொடியும் அவலும் இலகுவானவை. வீட்டில் அம்மாவோ பாட்டியோ அன்போடு கொடுக்கும் முறுக்குத் தகரம், வேனிலேயே தீர்ந்துவிடுவதுதான் எல்லாருக்கும் நன்மை.

சுங்கை ரெலாவில் பைகள் திறந்து பார்க்கப்படும். நெகிழிப் பைகள், பொட்டலங்கள், புட்டிகள் எத்தனை என்று பட்டியலிடப்படும். திரும்பி வரும்போது அதே எண்ணிக்கை இருக்க வேண்டும். இதனை அறிந்தோர் வீட்டிலேயே உடனடி மீயின் உறைகளைப் பிரித்து, ஆறு பொட்டலங்களை ஒரே பையில் போட்டுக் கட்டிவிடுவர்.

உடற்பயிற்சிக்கு மூன்று மாதமாவது வேண்டும். மேருவிலிருந்து பத்துமலை தொலைவில் இல்லை. அதன் 272 படிகளைப் பையில் 5 கிலோகிராம் அரிசியோடு பத்து முறை ஏறி இறங்கிப் பார்க்கலாம். முட்டி வலி பெரும்பாலும் இறங்கும்போதுதான் தெரியவரும். கடைசி ஒத்திகையாக, சிலாங்கூரின் உயரமான மலைகளுள் ஒன்றான 1,493 மீட்டர் நுவாங்கைத் தேர்ந்தெடுக்கலாம். அதற்கும் முன்னனுமதி தேவை.

இத்தகைய ஒத்திகை ஒன்றில்தான் நம் குழுவிலுள்ள மாணவர் ஒருவருக்கு மூச்சு இழுக்கிறது. நலப் படிவத்தில் ஆஸ்துமா என்ற கட்டத்தில் ‘இல்லை’ என்று குறித்திருந்தவர் அவர்.

“சொன்னால் என்னை விட்டுவிட்டுப் போய்விடுவீர்களோ என்று பயந்தேன், ஐயா.”

“தம்பி, இப்போது தெரிந்ததால் மருத்துவரைப் பார்க்கலாம், உன் உறிஞ்சு மருந்தில் இன்னொன்றை என் பையில் வைக்கலாம். குபாங்கில் நள்ளிரவில் தெரிந்திருந்தால் நான் என்ன செய்வேன்?”

மருத்துவர் வேண்டாம் என்றால் அவர் வீட்டில் இருக்க வேண்டியதுதான். அந்த வருத்தம் உண்மையானது. அதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. ஆனால், காட்டின் நடுவிலிருந்து ஒருவரைத் தூக்கிவர ஐவர் போதாது. ஒடுங்கிய பாதையில் தூக்குப்படுக்கையைச் சுமப்போர் அடிக்கடி ஆள் மாற வேண்டும். ஒரு நாள் நடையை அவர்கள் இரண்டு நாளில்கூட முடிக்க முடியாமல் போகலாம்.

இன்னொரு முடிவையும் வீட்டிலிருக்கும்போதே எடுக்க வேண்டும். சிகரத்தை எட்டினாலும் எட்டாவிட்டாலும் நண்பகல் 1 மணிக்குத் திரும்பிவிடுவது என்று அறுவரும் ஒப்புக்கொள்கின்றனர். சிகரம் கண்ணுக்குத் தெரியும்போது, “இன்னும் அரைமணி நேரந்தானே” என்று கேட்பவர் கண்டிப்பாக ஒருவர் இருப்பார். அடர்ந்த காட்டில் மாலை 6.30-க்கே இருட்டிவிடும்.

புறப்படும் நாளின் முன்னிரவில், குழுத் தலைவர் ஆறு வீடுகளுக்கும் ஒரு தாள் கொடுக்கிறார். அதில் நாள்தோறும் தங்கும் முகாம், வழிகாட்டியின் தொலைபேசி எண், சுங்கை ரெலாவ் அலுவலக எண் ஆகியவை உள்ளன. வெளியே வர வேண்டிய நேரம் நான்காம் நாள் மாலை 6 மணி. ஆறு பெருகினால் ஒரு நாள் தாமதமாகலாம் என்று அடைப்புக்குறிக்குள் எழுதியிருக்கிறார். ஐந்தாம் நாள் மாலை 6 மணிக்கும் செய்தி வரவில்லையென்றால், முதலில் அலுவலகத்தையும் பிறகு 999-ஐயும் அழைக்க வேண்டும். மாணவரின் தாயார் அத்தாளைக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டி, அந்த நேரத்தின் கீழ் சிவப்பு மையால் இரு கோடுகள் போடுகிறார்.