காவியா கணவாயில் ஒரு பனிப்புயல்

மாணவர்களே! மழையில் நனைந்தபடி மிதிவண்டியில் வீடு திரும்பிய அனுபவம் உங்களுள் பலருக்கு இருக்கும். மேட்டில் மூச்சு வாங்க மிதிக்கும்போது குளிர் தெரிவதில்லை. பள்ளத்தில் வண்டி தானாக ஓடத் தொடங்கியதும் பற்கள் தந்தியடிக்கின்றன. இச்சிறு அனுபவத்தை மலையளவு பெரிதாக்கிப் பாருங்கள். 1988 ஆம் ஆண்டு ஜூன் 5 அன்று இத்தாலிய நாட்டு மலை ஒன்றில் நடந்தது ஓரளவு விளங்கும்.

இத்தாலியில் ஆண்டுதோறும் நாடு தழுவிய மிதிவண்டிப் போட்டி ஒன்று நடைபெறுகிறது. ஜிரோ டி இத்தாலியா என்பது அதன் பெயர். 1909 இல் தொடங்கிய இப்போட்டி ஏறத்தாழ மூன்று வாரம் நீடிக்கும். ஒவ்வொரு நாளும் ஒரு கட்டம். எல்லாக் கட்டங்களின் நேரத்தையும் கூட்டிப் பார்த்து, குறைந்த நேரம் எடுத்தவர் இளஞ்சிவப்புச் சட்டை அணிவார். போட்டியைத் தொடங்கிய செய்தித்தாள் இளஞ்சிவப்புத் தாளில் அச்சாவதே அந்நிறத்திற்குக் காரணம்.

அன்றைய கட்டத்தின் தொலைவு 120 கிலோமீட்டர்தான். ஆனால், வழியில் காவியா என்னும் கணவாய் குறுக்கிட்டது. பெயரைக் கேட்டால் நம் வீட்டுப் பெண்பிள்ளையின் பெயர்போல் இனிக்கிறது. கணவாயோ 2,600 மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்தில் உள்ளது. அக்காலத்தில் ஏற்றத்தின் பெரும்பகுதி தார் போடாத மண்சாலை. கீழே பெய்த மழை, மேலே செல்லச் செல்லப் பனியாயிற்று. ஜூன் மாதத்தில் பனியா என வியக்க வேண்டா. ஆயிரம் மீட்டர் உயர்ந்தால் காற்றின் வெப்பநிலை ஏறத்தாழ ஆறு பாகை குறையும். தில்லி புழுங்கும் நாள்களில் சிம்லாவின் மாலை வேளைக்குக் கம்பளிச் சட்டை தேவைப்படுவதும் இதனால்தான்.

மிதிவண்டி வீரர்கள் கூட்டமாகச் செல்வதை நீங்கள் தொலைக்காட்சியில் கண்டிருக்கலாம். அது வெறும் நட்புக்காக அன்று. முன்னால் செல்பவர் காற்றைக் கிழித்து வழிவிட, பின்னால் வருபவரின் உழைப்பு பெரிதும் குறைகிறது. சமவெளியில் இக்கூட்டமே வீரரின் குடை எனலாம். புயலில் அக்குடை கிழிந்துவிடுகிறது. முன் வண்டியின் சக்கரம் சேற்றுநீரை முகத்தில் வாரி அடிக்கும். செங்குத்தான ஏற்றத்தில் வேகம் குறைவாதலால் காற்றுத்தடுப்பினால் பயனும் குறைவு. வழுக்கும் இறக்கத்திலோ ஒருவரையொருவர் நெருங்குவதே ஆபத்து. ஆகவே, ஒன்றாகப் புறப்பட்டவர்கள் காவியா மலையில் தனித்தனி ஆளானார்கள்.

உச்சியை முதலில் கடந்தவர் நெதர்லாந்து வீரர் யோகன் வான் டெர் வெல்டே. அவர் அணிந்திருந்தது குட்டைக்கை சட்டை! ஏறும்போது அது அவருக்குப் போதுமானதாக இருந்தது. தசைகள் உழைத்தால் உடலில் வெப்பம் பிறக்கும். உச்சியைத் தாண்டினால் அவ்வுழைப்பு நின்றுவிடும். போர்மியோ நகர் வரை ஏறத்தாழ 25 கிலோமீட்டர் இறக்கம்; நனைந்த உடை; விரைவினால் எதிர்க்காற்று. ஈரம் காற்றில் உலரும்போது உடலின் வெப்பத்தையும் எடுத்துச் செல்கிறது. விரல் மரத்துப்போனால் பிரேக்கை அழுத்துவது எங்ஙனம்? வான் டெர் வெல்டே வழியில் நின்று குளிருக்கு ஒதுங்க நேர்ந்தது. முதலில் உச்சியைக் கடந்த அவர், ஏறத்தாழ 47 நிமிடம் பிந்தியே எல்லைக்கோட்டை அடைந்தார். அவரது வலிமையில் குறை காண்பதற்கில்லை. வலிமையை விட அன்று ஓர் உலர்ந்த கம்பளி பெரிதாக இருந்தது.

அமெரிக்க வீரர் ஆண்டி ஹாம்ப்ஸ்டன் கடுங்குளிருக்குப் பேர்போன வடக்கு டகோட்டா மாநிலத்தில் வளர்ந்தவர். அவருடைய அணியினர் அன்று காலையிலேயே கடைக்குச் சென்று, பனிச்சறுக்கு வீரர்கள் அணியும் கையுறைகளையும் தொப்பிகளையும் வாங்கினர். அவற்றையும் சூடான தேநீரையும் ஏந்தியபடி சிலர் உச்சியருகே பனியில் காத்து நின்றனர். வென்றவரின் பெயரை எல்லா நூல்களும் கூறும். பையைச் சுமந்து நின்றவர்களைப் பற்றி ஓரிரு வரி எழுதினால் பெரிது.

ஹாம்ப்ஸ்டன் தலையில் கம்பளித் தொப்பியுடன் இறங்கினார். இடையில் ஒருமுறை தம் கால்களைக் குனிந்து பார்த்தாராம். பனி படிந்து, செக்கச்செவேலெனச் சிவந்திருந்தன. அதன்பின் அவற்றைப் பார்க்கவே இல்லை என்று பின்னாளில் கூறினார். எல்லைக்கோட்டை நெருங்குகையில் நெதர்லாந்தின் எரிக் ப்ரூகிங்க் அவரை முந்தி, ஏழு நொடி வேறுபாட்டில் கட்டத்தை வென்றார். ஆயினும் இளஞ்சிவப்புச் சட்டை அன்று ஹாம்ப்ஸ்டனுக்குக் கிடைத்தது. அதை அவர் இறுதி நாள் வரை இழக்கவில்லை. ஐரோப்பியர் அல்லாத ஒருவர் இப்போட்டியை வென்றது அதுவே முதன்முறை.

அன்று போட்டியை நடத்தியிருக்கலாமா என்னும் கேள்வி எஞ்சுகிறது. வீரக்கதை கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால், பள்ளத்தாக்கின் விளிம்பில் மரத்த விரல்களுடன் இறங்கியவர்களுள் ஒருவர் தவறியிருந்தாலும் நாம் இதனை வேறு விதமாகப் பேசியிருப்போம். மறு ஆண்டே, 1989 இல், காவியா வழியாகச் செல்லவிருந்த கட்டம் பனியினால் கைவிடப்பட்டது. 2013 இலும் அவ்வாறே. இரண்டு முறையும் வீரர்கள் மலையேறவில்லை.

சொற்பொருள்

கணவாய் – இரு மலைகளுக்கு இடையிலுள்ள வழி; பாகை – வெப்பத்தை அளக்கும் அலகு; எங்ஙனம் – எவ்வாறு; எஞ்சுகிறது – மீதமாக நிற்கிறது.

பயிற்சி

1. ஏற்றத்தை விட இறக்கத்தில் குளிர் மிகுவது ஏன்? உம் சொந்த நடையில் எழுதுக.
2. ‘புயலில் அக்குடை கிழிந்துவிடுகிறது’ – இங்குக் குடை எனப்படுவது யாது?
3. போட்டியை நடத்துவதா, நிறுத்துவதா என முடிவு செய்யும் பொறுப்பு அன்று காலை உம்மிடம் இருந்திருந்தால் என்ன செய்திருப்பீர்? வகுப்பில் இரு அணியாகப் பிரிந்து உரையாடுக.
4. நீர் வாழும் ஊரின் மழையையோ குளிரையோ பற்றி உம் தாத்தா பாட்டிக்குத் தமிழில் ஒரு கடிதம் எழுதுக.