வீட்டில் புற்றுநோய் இருந்ததா? பேசிவிடுங்கள்

பெண் பார்க்க வருகிறவர்கள் காதில் விழுமே என்று அத்தையின் மார்பகப் புற்றுநோயை வெறும் ‘கட்டி’ என்று மறைக்கும் வீடுகள் மதுரைப் பக்கம் இன்றும் உண்டு. மறைக்காதீர்கள். யாருக்கு, எந்த உறுப்பில், எத்தனை வயதில் வந்தது என்று இருவழி உறவிலும் கேட்டு எழுதி வையுங்கள். மார்பகப் புற்றுநோய் அபாயத்தைக் கூட்டும் பிஆர்சிஏ மரபணுக் கோளாறு அப்பா வழியிலும் வரும். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வாய்ப்பு 50 சதவீதம். கோளாறு இருக்கிற எல்லோருக்கும் நோய் வந்துவிடாது. அதையும் சேர்த்தே சொல்லுங்கள்.

அக்கா மகள், மாமன் மகன் என்று சொந்தத்துக்குள் முடிப்பவர்கள் கல்யாணத்துக்கு முன்பே மரபணு ஆலோசனை பெறுங்கள். கணவன், மனைவி இருவருக்குமே பிஆர்சிஏ2 கோளாறு இருந்தால், குழந்தைக்கு ஃபான்கோனி ரத்தசோகை என்ற அரிய பரம்பரை நோய் வரலாம். மரபணுப் பரிசோதனையை முதலில் குடும்பத்தில் புற்றுநோய் கண்டவருக்கே செய்வது நல்லது. ஆலோசனைக்குப் போகும்போது அவருடைய பழைய பயாப்சி அறிக்கையைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.