கூட்டாளி விமானங்களில் பயணப் புள்ளிகள்: மாற்றும் முன் கணக்கிடுக

ஏர் இந்தியாவின் மகாராஜா கிளப் கணக்கில் சேர்த்த புள்ளிகளைக் கொண்டு பிற நிறுவன விமானங்களில் பறக்க இயலுமா என்று கடன் அட்டை வாடிக்கையாளர்கள் பலர் எங்களிடம் வினவுகின்றனர். இயலும். ஏர் இந்தியா 2014 ஜூலை முதல் ஸ்டார் அலையன்ஸ் கூட்டமைப்பின் உறுப்பினர். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், லுஃப்தான்ஸா, தாய் ஏர்வேஸ் ஆகியவையும் அக்கூட்டமைப்பில் உள்ளன. அவற்றில் பயணம் செய்வோர் முன்பதிவின்போது மகாராஜா கிளப் எண்ணைக் குறிப்பிட்டால், புள்ளிகள் அக்கணக்கிலேயே வரவாகும். ஒரே பயணத்தை இரு திட்டங்களில் வரவு வைக்க முடியாது.

எனினும், எல்லாப் பயணச்சீட்டுகளும் ஒரே அளவில் புள்ளி தருவதில்லை. சீட்டில் கட்டண வகுப்பைக் குறிக்க ஓர் ஆங்கில எழுத்து இருக்கும். அருகருகே அமர்ந்து சென்ற இருவரில் ஒருவருக்கு முழுப் புள்ளியும், சலுகைக் கட்டணத்தில் வாங்கியவருக்கு அதில் ஒரு பகுதியும் கிடைக்கலாம். சில வகுப்புகளுக்கு ஒன்றுமே இராது. வாங்கும் முன் அவ்வெழுத்தை நிறுவனத்தின் அட்டவணையோடு ஒப்பிடுக. புள்ளிகள் வரவாகும் வரை போர்டிங் பாஸைப் பத்திரப்படுத்துக. விடுபட்டதைக் கோர அதுவே சான்று. கோருவதற்குக் காலவரம்பும் உண்டு.

செலவிடும்போதுதான் பலர் தடுமாறுகின்றனர். கூட்டாளி நிறுவனம் பிற திட்ட உறுப்பினர்களுக்கென ஒதுக்கும் இருக்கைகள் மிகச் சிலவே. காலியாகக் காணப்படும் இருக்கைகள் யாவும் புள்ளிக்குக் கிடைக்கும் என்று எண்ணிவிடலாகாது. நால்வர் கொண்ட குடும்பம் ஒன்று கோடை விடுமுறைப் பயணத்திற்கென அட்டைப் புள்ளிகள் அனைத்தையும் விமானத் திட்டத்திற்கு மாற்றிய பின்னரே, விரும்பிய நாளில் ஓரிருக்கை மட்டுமே இருப்பதை அறிந்தது. மாற்றிய புள்ளிகள் பொதுவாக அட்டைக்குத் திரும்புவதில்லை. ஆதலால், முதலில் இருக்கையைத் தேடுக. கண்ட பின்னரே, தேவையான அளவு மட்டும் மாற்றுக. மாற்றம் நிறைவுறச் சில நாட்கள் ஆகலாம் என்பதையும் கருதுக. அதற்குள் அவ்விருக்கை பிறர்க்குப் போய்விடவும் கூடும்.

இனி மதிப்பு. புள்ளியில் பெறும் பயணச்சீட்டும் முற்றிலும் இலவசமன்று. வரிகளையும் கட்டணங்களையும் பணமாகவே செலுத்த வேண்டும். ஒரு கற்பனைக் கணக்கு: ரூ.32,000 விலையுள்ள சீட்டுக்கு 30,000 புள்ளிகளும் ரூ.9,500 வரியும் கேட்கின்றனர் எனக் கொள்வோம். மிச்சம் ரூ.22,500, எனவே ஒரு விமானப் புள்ளியின் மதிப்பு 75 காசு. இரண்டு அட்டைப் புள்ளிகளுக்கு ஒரு விமானப் புள்ளி என்பது மாற்று விகிதமாயின், அட்டைப் புள்ளியின் மதிப்பு 37.5 காசாகக் குறையும். அதே அட்டைப் புள்ளிக்குப் பரிசுக் கூப்பனில் 50 காசு கிடைக்குமானால், கூப்பனைப் பெற்றுக்கொண்டு சீட்டைப் பணம் கொடுத்து வாங்குவதே இலாபம். பிசினஸ் வகுப்பில் இக்கணக்கு பெரும்பாலும் மாறும். சீட்டின் விலை பல மடங்காக உயரும்போதும் கேட்கப்படும் புள்ளிகள் அதே வீதத்தில் உயர்வதில்லை.