தொழிலே பேரானது! (இங்கிலாந்து கால்பந்து அணிகளின் பட்டப்பெயர்கள்)



போன மாசம் ஒருநாள் விளையாட்டுப் பீரியடில் நல்ல மழை. கிரவுண்டுக்குப் போக முடியவில்லை. அதனால பி.டி. சார் வகுப்பிலேயே கால்பந்து வினாடி வினா வைத்தார். "இங்கிலாந்துல நார்த்தாம்ப்டன் டவுன்னு ஒரு அணி இருக்கு. அதோட பட்டப்பெயர் என்ன?" என்று கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. "காப்ளர்ஸ். அப்படின்னா செருப்புத் தைக்கிறவங்க" என்று அவரே சொன்னார். வகுப்பே சிரித்தது. "சிங்கம், புலின்னு வைக்காம இதெல்லாம் ஒரு பேரா சார்?" என்று ஒருத்தன் கேட்டான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்க அப்பா பஸ் ஸ்டாண்டு பக்கத்துல உட்கார்ந்து செருப்புத் தைக்கிறவர்தான். அந்த அணிக்காரங்க ஏன் அப்படி ஒரு பேரை ஏத்துக்கிட்டாங்க என்று தெரிந்துகொள்ளத் தோன்றியது. தேடிப் படித்ததை உங்களுக்காக இங்கே எழுதியிருக்கிறேன்.

1. சனிக்கிழமை மூணு மணி

முதலில் ஒரு கேள்வி. இங்கிலாந்தில் கால்பந்து என்றாலே சனிக்கிழமை மதியம் 3 மணி என்று ஒரு வழக்கம் உண்டு. ஏன் அந்த நேரம்?

19-ஆம் நூற்றாண்டில் அங்கே மில் தொழிலாளிகளுக்கு வாரம் ஆறு நாளும் வேலை. 1850-இல் ஒரு சட்டம் வந்தது. துணி மில்லில் வேலை செய்யும் பெண்களையும் சிறுவர்களையும் சனிக்கிழமை மதியம் 2 மணிக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்றது அது. மெல்ல மெல்ல மற்றத் தொழிலாளிகளுக்கும் சனிக்கிழமை அரைநாள் லீவு கிடைத்தது. இரண்டு மணிக்கு வேலை முடிந்தால், மூணு மணிக்கு மைதானம்! சம்பளம் குறைவு. ஆனால் கால்பந்துக்கு ஒரு பந்து இருந்தால் போதுமே.

அப்போ அணியை ஆரம்பித்தது யார்? ஒரே தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்கள், ஒரே சர்ச்சுக்குப் போன இளைஞர்கள், கிரிக்கெட் சங்கத்துக்காரர்கள். அதனால்தான் பேர்களும் அங்கிருந்தே வந்தன.

2. பீரங்கிக்காரர்கள்

லண்டனில் வுல்விச் என்ற இடத்தில் அரசாங்கத்தின் ஆயுதத் தொழிற்சாலை இருந்தது. அதன் பெயர் ராயல் ஆர்சனல். பீரங்கியும் குண்டும் அங்கே செய்தார்கள். 1886-இல் அந்தத் தொழிலாளிகள் ஆரம்பித்த அணிதான் இன்றைய ஆர்சனல். அதனால்தான் 'கன்னர்ஸ்' என்ற பட்டப்பெயர். சட்டையில் இருக்கும் பீரங்கிச் சின்னத்துக்கும் அதுதான் காரணம். சிவப்புச் சட்டை வந்த கதை தெரியுமா? ஆரம்பத்தில் சட்டை வாங்கக் காசில்லை. நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் அணி தன்னுடைய சிவப்புச் சட்டைகளைக் கொடுத்து உதவியது. இன்னும் அந்தச் சிவப்பு மாறவில்லை!

3. சுத்தியல்காரர்கள்

வெஸ்ட் ஹாம் அணியை 'ஹாமர்ஸ்' என்பார்கள். ஊர்ப் பேரில் 'ஹாம்' இருப்பதால் வந்தது என்று நினைப்போம். தப்பு! 1895-இல் தேம்ஸ் நதிக்கரையில் ஒரு கப்பல் கட்டும் கம்பெனியின் தொழிலாளிகள் ஆரம்பித்த அணி அது. கம்பெனியின் பெயர் தேம்ஸ் அயர்ன்வொர்க்ஸ். இரும்புத் தகடுகளை ரிவிட் அடித்து இணைப்பதற்குச் சுத்தியல் வேண்டும். அந்தச் சுத்தியல்கள்தான் இன்றும் சின்னத்தில் குறுக்காக இருக்கின்றன. 1900-இல் அணியின் பேர் வெஸ்ட் ஹாம் யுனைடெட் என்று மாறியது. ஆனாலும் ரசிகர்கள் இன்னும் 'ஐயன்ஸ்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். அதாவது, இரும்புக்காரர்கள்.

4. செருப்பு, தொப்பி, கத்தி...

இப்போ நம்ம நார்த்தாம்ப்டனுக்கு வருவோம். 17-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் உள்நாட்டுப் போர் நடந்தபோதே படைவீரர்களுக்குச் செருப்புத் தைத்துக் கொடுத்த ஊர் அது. முதல் உலகப் போரிலும் ராணுவத்துக்கு அங்கிருந்துதான் ஏராளமான பூட்ஸ் போனது. ஊர் அருங்காட்சியகத்தில் விதவிதமான செருப்புகளுக்கு என்றே பெரிய பகுதி இருக்கிறது. அந்த ஊர் அணிக்கு வேறு என்ன பேர் வைப்பார்கள்?

இன்னும் சில அணிகள்:

* லூட்டன் டவுன் – ஹேட்டர்ஸ். வைக்கோல் தொப்பி செய்த ஊர்.
* ஸ்டோக் சிட்டி – பாட்டர்ஸ். பீங்கான், மண்பாண்டம் செய்தவர்கள்.
* வால்சால் – சாட்லர்ஸ். குதிரைச் சேணம் தைத்தவர்கள்.
* வைக்கம் வாண்டரர்ஸ் – சேர்பாய்ஸ். நாற்காலி செய்தவர்கள்.
* ஷெஃபீல்டு யுனைடெட் – பிளேட்ஸ். கத்தி, கத்தரி செய்யும் எஃகு நகரம்.

அதே ஷெஃபீல்டில் இன்னொரு அணிக்குப் பேரே 'வெட்னஸ்டே', அதாவது புதன்கிழமை! புதன்கிழமை அரைநாள் லீவு கிடைத்தவர்கள் அன்று கிரிக்கெட் விளையாட ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். அந்தச் சங்கம் 1867-இல் கால்பந்து அணி ஆரம்பித்தது. கிழமைப் பேர் அப்படியே ஒட்டிக்கொண்டது.

5. மிட்டாயும் குருவியும்

எல்லாப் பேரும் தொழிற்சாலையிலிருந்து வந்ததில்லை. எவர்ட்டன் அணியை 'டாஃபீஸ்' என்பார்கள். மைதானத்துக்குப் பக்கத்தில் பேர்போன டாஃபிக் கடைகள் இருந்ததால் வந்த பேர். ஆட்டம் ஆரம்பிப்பதற்கு முன்னால், பழங்கால உடை போட்ட ஒரு பெண் கூட்டத்தைப் பார்த்து மிட்டாய் வீசுவது அந்த அணியின் வழக்கம்.

நார்விச் சிட்டி அணிக்கு 'கேனரீஸ்' என்று பேர். 16-ஆம் நூற்றாண்டில் இன்றைய பெல்ஜியம், நெதர்லாந்து பகுதிகளிலிருந்து நெசவாளர்கள் அகதிகளாக அந்த ஊருக்கு வந்தார்கள். கூடவே கேனரிக் குருவி வளர்க்கும் பழக்கத்தையும் கொண்டுவந்தார்களாம். அந்தக் குருவியின் மஞ்சள் நிறம்தான் இன்று அணியின் சட்டை. அகதிகள் கொண்டுவந்த குருவி ஒரு ஊருக்கே அடையாளமானது!

6. கிண்டலும் பெருமையானது

ஹார்ட்டில்பூல் என்ற துறைமுக ஊரைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். நெப்போலியனோடு போர் நடந்த காலத்தில் ஒரு பிரெஞ்சுக் கப்பல் அங்கே உடைந்தது. தப்பிப் பிழைத்தது ஒரு குரங்கு மட்டும். ஊர்க்காரர்கள் அதைப் பிரெஞ்சு ஒற்றன் என்று நினைத்துத் தூக்கில் போட்டுவிட்டார்களாம். இதற்கு ஆதாரம் எதுவும் இல்லை. ஆனால் மற்ற ஊர்க்காரர்கள் "குரங்கைத் தூக்கில் போட்டவங்க" என்று விடாமல் கேலி செய்தார்கள்.

அவர்கள் கோபப்பட்டார்களா? இல்லை! தங்கள் அணிக்குச் சின்னமாகவே ஒரு குரங்கு வேஷத்தை வைத்துக்கொண்டார்கள். 2002-இல் அந்த வேஷம் போட்டவர் மேயர் தேர்தலில் நின்றார். பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவச வாழைப்பழம் என்பது அவருடைய வாக்குறுதி. ஜெயித்தும் விட்டார். 2005, 2009 தேர்தல்களிலும் அவரே ஜெயித்தார். கேலி செய்தவர்கள்தான் வாயடைத்துப் போனார்கள்.

7. தொழில் போனாலும் பேர் போகவில்லை

எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் இதுதான். தேம்ஸ் அயர்ன்வொர்க்ஸ் 1912-இல் மூடப்பட்டது. வுல்விச் ஆயுதத் தொழிற்சாலை 1967-இல் மூடப்பட்டது. சுத்தியலும் பீரங்கியும் சட்டையில் மட்டும் வாழ்கின்றன.

சண்டர்லாண்டு ஊரில் 1993-இல் ஒரு பெரிய நிலக்கரிச் சுரங்கத்தை மூடினார்கள். அந்த இடத்திலேயே 1997-இல் கால்பந்து மைதானம் திறந்தார்கள். அதன் பேர் 'ஸ்டேடியம் ஆஃப் லைட்', ஒளியின் மைதானம். சுரங்கத்தின் இருட்டுக்குள் போனவர்களுக்கு விளக்குதான் உயிர். அதனால் மைதான வாசலில் ஒரு பெரிய சுரங்க விளக்கையே நினைவுச் சின்னமாக வைத்திருக்கிறார்கள். அப்பாவும் தாத்தாவும் வேலை பார்த்த இடத்துக்கு மேலேயே பிள்ளைகள் ஆட்டம் பார்க்கிறார்கள்.

பேரும் நிறமும் யாருக்குச் சொந்தம்? பணம் போட்ட முதலாளிக்கா, ரசிகர்களுக்கா? இதற்கும் சண்டை நடந்திருக்கிறது. ஹல் சிட்டி அணியின் முதலாளி 'ஹல் டைகர்ஸ்' என்று பேரை மாற்றப் பார்த்தார். ரசிகர்கள் எதிர்த்தார்கள். இங்கிலாந்து கால்பந்துச் சங்கம் 2014-இலும் 2015-இலும் முடியாது என்று சொல்லிவிட்டது. கார்டிஃப் சிட்டி வேல்ஸ் நாட்டு அணி, ஆனால் விளையாடுவது இங்கிலாந்து லீகில். 'புளூபேர்ட்ஸ்' என்று பேர் வைத்துக்கொண்டு நீலச் சட்டை போட்டவர்கள். 2012-இல் முதலாளி அதைச் சிவப்பாக்கினார். ரசிகர்கள் விடவில்லை. 2015-இல் நீலம் திரும்பி வந்தது.

முடிவாக...

நண்பர்களே, நார்த்தாம்ப்டன் மைதானத்தில் ஆயிரக்கணக்கான பேர் "நாங்க செருப்புத் தைக்கிறவங்க" என்று சொல்லித்தான் தங்கள் அணிக்குக் கைதட்டுகிறார்கள். அவர்களில் இன்றைக்குச் செருப்புத் தைப்பவர்கள் கொஞ்சம் பேர்தான் இருப்பார்கள். மற்றவர்கள் டாக்டராக இருக்கலாம், டிரைவராக இருக்கலாம், வாத்தியாராக இருக்கலாம். ஆனாலும் தாத்தா செய்த வேலையைச் சொல்லிக்கொள்ள அவர்களுக்குக் கூச்சம் இல்லை.

இதையெல்லாம் எங்க அப்பாகிட்ட சொன்னேன். ஊசியைக் கீழே வைக்காமலேயே, "அந்த டீம் ஜெயிக்குதாடா?" என்று மட்டும் கேட்டார். "சில நேரம் ஜெயிக்கும், சில நேரம் தோக்கும்பா" என்றேன். "சரி, அடுத்த மேட்ச் எப்பன்னு பார்த்துச் சொல்லு" என்றார்.

இனிமேல் எங்கள் வீட்டில் காப்ளர்ஸுக்கு இரண்டு ரசிகர்கள்!

மூளைக்கு வேலை (விடை மேலேயே இருக்கிறது, தேடுங்கள்!)

1. ஆர்சனலுக்குச் சிவப்புச் சட்டை கொடுத்த அணி எது?
2. கிழமையைப் பேராகக் கொண்ட அணி எது?
3. ஸ்டேடியம் ஆஃப் லைட் இருக்கும் இடத்தில் முன்பு என்ன இருந்தது?

– பத்தாம் வகுப்பு மாணவன், 'ஆ' பிரிவு