கணினிச் சஞ்சிகைகளின் மறைவும் அவற்றின் இடத்தை நிரப்பும் வழிகளும்

ஐக்கிய அமெரிக்காவிலே பொதுவாசகர்க்கென அச்சிட்டு விற்கப்பட்டுவந்த கணினிச் சஞ்சிகைகளுள் இறுதிவரை எஞ்சி நின்றவை மக்சிமம் பீசி, மக்லைவ் என்னும் இரண்டுமே எனலாம். அவையும் 2023 ஆம் ஆண்டு ஏப்பிரில் இதழோடு அச்சில் வருவதை நிறுத்திக்கொண்டன. ஏறக்குறைய அரை நூற்றாண்டுக் காலம் வாழ்ந்த ஓர் உரைநடை வகை அத்துடன் அந்நாட்டுப் புத்தகக் கடைகளினின்றும் நீங்கிற்று. கணினிச் சஞ்சிகையை உரைநடை வகையென யாம் கொள்வது கண்டு நகைப்பாரும் உளராவர். தமிழ் கற்பிப்பானுக்கு இத்துறையில் யாது உரிமை என வினவுவாரும் உளராவர். அறிந்தான் ஒருவன் அறியாதானுக்கு ஒரு பொருளை முறைப்பட எடுத்து விளக்குவதே கட்டுரை எனின், அக்கலை கடந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் இச்சஞ்சிகைகளிற் பெரிதும் வளர்ந்தது. ஆதலின் அவற்றின் மறைவு எமக்கும் உரிய பொருளே. வேறொரு காரணமும் உண்டு. அதனைச் சற்றுப் பின்னர்க் கூறுவோம்.

1975 சனவரியிற் பொப்புலர் எலெக்றோனிக்சு என்னும் அமெரிக்கச் சஞ்சிகை, அல்ற்றெயர் 8800 என்னும் சிறு கணினியின் படத்தைத் தன் முகப்பில் வெளியிட்டது. உறுப்புக்களைத் தபால்வழி வருவித்து வீட்டிலே பொருத்திக்கொள்ளத்தக்க பொறி அது. அதற்குத் திரை இல்லை. தட்டச்சுப் பலகை இல்லை. முகப்பிலே ஆளிகளும் சிறு விளக்குகளுமே இருந்தன. வாங்கினோர் பலர், வாங்கியதைக்கொண்டு யாது செய்வதென அறிந்தோர் சிலர். பாடநூலும் ஆசிரியரும் இல்லாத அவ்விடைவெளியிலேதான் கணினிச் சஞ்சிகைகள் செழித்தன. அவ்வாண்டு செத்தெம்பரிற் பைற் தொடங்கிற்று. 1976 சனவரியில் டொக்ரர் டொப்சு ஜேர்னல் வெளிவரலாயிற்று. பேசிக் என்னும் கணினி மொழியின் சிற்றுருவை மிகக் குறுகிய நினைவகத்துள் அடக்கும் வழியைக் கற்பிப்பதே அதன் முதல் நோக்கமாயிருந்தது. 1979 இற் கொம்பியூற், 1982 இற் பீசி மகசீன் எனப் பல பின்தொடர்ந்தன.

இச்சஞ்சிகைகளின் உயிர்நிலை நிரற்பட்டியல் ஆகும். ஒரு நிரல் முழுவதையும் வரி வரியாக அச்சிட்டிருப்பர். வாசகன் அதனைப் பார்த்துத் தன் கணினியில் தட்டிக்கொள்ள வேண்டும். கொமடோர் 64 போன்ற அக்காலக் கணினிகளை இயக்கியவுடனே பேசிக் மொழி ஆயத்தமாய் நிற்கும். ஆதலின் சஞ்சிகைக்கும் பொறிக்கும் இடையே வாசகனின் விரல்கள் தவிர வேறொன்றும் வேண்டப்படவில்லை. ஓர் எழுத்துப் பிழைப்பினும் நிரல் ஓடாது. ஓடாத நிரலைத் திருத்தப் புகுந்தோன் ஒவ்வொரு வரியும் யாது செய்கின்றதென ஆராய்ந்தேயாதல் வேண்டும். பார்த்தெழுதுதலை மூளையற்ற வேலையென இக்காலக் கல்வியாளர் சிலர் இகழ்வர். எம் அனுபவம் அதற்கு மாறானது.

அவ்வனுபவம் இது. 1990 இல் மீண்டும் மூண்ட போரினால் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் அற்றுப்போயிற்று. யாம் அப்பொழுது இடைநிலை வகுப்பு மாணவர். போர் மூளுமுன்னர்ப் பழைய மாணவர் ஒருவர் வெளிநாட்டிலிருந்து கல்லூரி நூல்நிலையத்துக்கு அனுப்பியிருந்த சஞ்சிகைக் கட்டொன்று இறாக்கையில் தூசு படிந்து கிடந்தது. பைற் இதழ்கள் நான்கும் கொம்பியூற் இதழ்கள் மூன்றும் அதில் இருந்தன. கணினியை யாம் கண்ணாற் கண்டதில்லை. எனினும், ஆங்கில அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஜாம் போத்தல் விளக்கின் வெளிச்சத்தில் அவற்றை எழுத்தெண்ணிப் படித்தோம். எண்களை ஏறுவரிசைப்படுத்தும் நிரலொன்றை அப்பியாசக் கொப்பியிற் பெயர்த்தெழுதினோம். ஓட்டிப் பார்க்கப் பொறி ஏது? யாமே பொறியானோம். கடதாசித் துண்டுகளில் எண்களை எழுதி வரிசையாய் வைத்து, இன்ன வரியில் நிற்கின்றோம் என்பதற்குப் புளியங்கொட்டை ஒன்றை அடையாளமாய் நகர்த்திக்கொண்டு, நிரல் சொன்னபடியெல்லாம் செய்தோம். முதல் நாள் இரவு துண்டுகள் இடம் மாறிக்கொண்டேயிருந்தன; வேலை முடிந்தபாடில்லை. மண்ணெண்ணெய்தான் முடிந்தது. மறுநாட் பார்க்கையில், 60 ஆம் வரிக்குச் செல்க என்றிருந்ததை 50 ஆம் வரிக்குச் செல்க எனப் பெயர்த்திருந்தமை தெரிந்தது. கணினி இன்றியே முடிவிலாச் சுழலொன்றில் அகப்பட்ட மாணவர் எம்மையல்லாற் பிறர் இருந்தனரோ அறியோம்!

தட்டெழுத்துப் பிழைக்குக் கொம்பியூற் சஞ்சிகையார் கண்ட மருந்து இங்கே கூறத்தக்கது. 1983 இல் அவர்கள் சிறு சரிபார்ப்பு நிரலொன்றை வெளியிட்டனர். ஒரு வரியைத் தட்டி முடித்ததும், அவ்வரியின் எழுத்துக்களுக்குரிய எண்களைக் கூட்டிப் பெற்ற ஒரு தொகையை அது திரையிற் காட்டும். அச்சிலுள்ள தொகையும் திரையிலுள்ள தொகையும் ஒத்தால் வரி சரி. ஆயின் கூட்டலில் ஒரு குறை உண்டு. தவம் என்பதை வதம் என்று தட்டினாலும் கூட்டுத்தொகை மாறாது, பொருளோ தலைகீழாகும். எழுத்துக்கள் இடம் மாறும் இப்பிழையையும் பிடிக்கும் புதிய சரிபார்ப்பு நிரல் 1986 இல் வந்தது. எழுத்தின் இடத்துக்கேற்ப அதன் எண்ணுக்கு வேறு வேறு நிறை கொடுத்தால் இவ்வகைப் பிழை அகப்படும் என்பதை மாணவர் தாமே கணித்துப் பார்க்கலாம்.

நிரற்பட்டியலினும் பெரிதாக யாம் மதிப்பது பத்திராதிபரின் தெரிவையே. 1981 ஓகத்து மாதப் பைற் இதழை இதற்குச் சான்றாகக் கொள்வோம். அவ்விதழின் பெரும்பகுதி சிமோல்ரோக் என்னும் ஒரே கணினி மொழிக்கு ஒதுக்கப்பட்டது. செறொக்சு நிறுவனத்தின் பலோ அல்ற்றோ ஆராய்ச்சி நிலையத்தில் அம்மொழியை ஆக்கியோரே கட்டுரைகளை எழுதினர். வாசகருள் மிகப் பெரும்பான்மையோர் வீட்டில் அம்மொழியை ஓட்டவல்ல பொறி இருக்கவில்லை. எவரும் அதனைக் கேட்டு எழுதியிருக்கவும் மாட்டார். அங்ஙனமிருந்தும், சாளரங்களும் சுட்டியும் கொண்ட கணினி எவ்வாறு எண்ணப்படுகின்றது என்பதையும், நிரலைத் தனித்தனிப் பொருள்களாகப் பகுத்தல் என்பது யாது என்பதையும் ஒரு மாதத்தில் உலகெங்குமுள்ள வாசகர் அறிந்தனர். தனக்கு வேண்டியது இதுவென்று வாசகன் அறியுமுன்னரே அதனை அவன் மேசைமேல் வைப்பவர் நல்ல பத்திராதிபர்.

இனி, இவை ஏன் மறைந்தன? இணையம் கொன்றது என ஒரு சொல்லில் முடிப்பாருண்டு. அது முழு உண்மையன்று. சஞ்சிகையின் விலை அதன் செலவிற் சிறு பங்கையே ஈடுசெய்தது. மற்றையது விளம்பரத்தால் வந்தது. தபால்வழி விற்பனையாளர் தத்தம் விலைப்பட்டியலைப் பக்கம் பக்கமாக வெளியிட்டனர். கொம்பியூற்றர் சொப்பர் என்னும் சஞ்சிகையின் இதழ்கள் அதனாலேயே எண்ணூறு பக்கத்தையும் கடந்து பருத்தன. தூக்கிப் படிப்பதற்கே தேகப்பயிற்சி வேண்டும். அவ்விற்பனையாளர் தம் விலைகளை இணையத்திலே நாடோறும் மாற்றி வெளியிடக் கற்றபின், இரண்டு மூன்று மாதத்துக்கு முன்னரே கொடுக்கவேண்டிய அச்சு விளம்பரம் அவர்க்கு எதற்கு? மற்றொன்று, நிரல்கள் வளர்ந்து பெருத்தமை. தட்டிக்கொள்ள இயலாத அளவினவானபோது, முதலில் ஒலிநாடாவும், பின் நெகிழ்தட்டும், பின் இறுவட்டும் முகப்பில் ஒட்டப்பட்டன. வாசகன் படிப்பவன் என்னும் நிலையினின்றும் பெறுபவன் என்னும் நிலைக்கு அப்பொழுதே இறங்கிவிட்டான் என்பது எம் கருத்து. பைற் 1998 யூலை இதழோடு நின்றது. பீசி மகசீன், கொம்பியூற்றர் சொப்பர், டொக்ரர் டொப்சு ஜேர்னல் ஆகிய மூன்றும் 2009 இல் அச்சை விட்டன. பீசி வேர்ள்ட் 2013 இலும், மக்வேர்ள்ட் 2014 இலும் அங்ஙனமே செய்தன. யேர்மனியில் 1983 தொடக்கம் வெளிவரும் சீ-ரீ என்னும் சஞ்சிகையோ இன்றும் அச்சில் வருகின்றது. அந்நாட்டில் வாழும் எம் பழைய மாணவர்தம் பிள்ளைகள் பலர் அதனை அறிவர்.

செய்தி இழப்பு ஓர் இழப்பன்று. அது முன்னையினும் விரைந்து கிடைக்கின்றது. இழந்தது யாதென்பதை எமக்கு உணர்த்தியவன் எம் வகுப்பு மாணவன் ஒருவன். நூல்நிலையப் பொறுப்பும் எம்மிடம் உள்ளமையால் அவன் தன் நிரலொன்றைக் காட்ட வந்தான். பைதன் மொழியில் அமைந்த அந்நிரல், வகுப்பு மாணவரின் புள்ளிகளை நொடியில் வரிசைப்படுத்திற்று. செயற்கை நுண்ணறிவைக் கைப்பேசியிற் கேட்டுப் பெற்றதை மறைக்காமற் கூறினான். வரிசைப்படுத்தல் எங்ஙனம் நிகழ்கின்றதென யாம் வினவ, “அதெல்லாம் உள்ளுக்கு இருக்குது, சேர்” என்றான். அவன் மந்தனல்லன், கணக்கில் எம்மினும் பன்மடங்கு வல்லவன். உள்ளே ஒன்று நிகழ்கின்றது, அது கேட்கத்தக்க வினா என்பதை அவனுக்கு எவரும் காட்டவில்லை. கேட்டதற்கெல்லாம் விடையளிக்கும் கருவி, கேளாததற்கு விடையளிப்பதில்லை. யாம் புளியங்கொட்டையை எடுத்துவரச் சொன்னோம். அன்று பிற்பகல் முழுவதும் போயிற்று.

ஆகவே, மாற்று எது எனத் தேடும்போது சஞ்சிகைக்கு ஈடான ஒரே பொருளைத் தேடுதல் வீண். அதன் பணிகளைப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு துணையை நாடுதலே தகும். ஒழுங்காய் வரும் பாடத்துக்கு, இங்கிலாந்தில் 2012 இல் தோன்றிய மாக்பை சஞ்சிகையை முதலாகக் கூறுவோம். ரஸ்பெரி பை என்னும் மலிவான சிறு கணினியைச் சார்ந்தது அது. 2015 நவம்பரில் வெளிவந்த 40 ஆம் இதழின் முகப்பில் ஒரு முழுக் கணினியையே இலவசமாக ஒட்டிக் கொடுத்தனர்! அதன் பழைய இதழ்களை விலையின்றிப் பெறலாம். ஊதியம் கருதாது படியெடுத்து வழங்கவும் அதன் உரிமம் இடந்தருகின்றது. உயர்தர வகுப்பைக் கடந்தோர்க்கு, கணினியியலாளரின் பெருஞ்சங்கமாகிய ஏ.சீ.எம். 1951 தொடக்கம் 2000 வரையிலான தன் வெளியீடுகளை 2022 இல் எல்லோர்க்கும் திறந்துவிட்டமை பெரும் வாய்ப்பு. அவற்றுட் பல கடினமானவை. மூன்றாம் முறை படிக்கையிலேயே எமக்குச் சில விளங்கின. லினக்சு இயங்குதளத்தைப் பற்றி 1998 தொடக்கம் வாராவாரம் எழுதிவரும் எல்.டபிள்யூ.என். என்னும் வெளியீடு, பெரிதும் வாசகர் சந்தாவால் வாழ்வது. சந்தா செலுத்தாதோரும் சின்னாட் காத்திருந்து அதன் கட்டுரைகளைப் படிக்கலாம். பணம் கொடுக்கும் வாசகன் இருக்குமிடத்துப் பத்திராதிபர் பிழைத்துக்கொள்வார் என்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு. மறைந்த சஞ்சிகைகளின் இதழ்களைப் பொறுத்தவரை, இன்ரநெற் ஆக்கைவ் என்னும் எண்ணிம நூலகத்திற் பெருந்தொகையானவை படமாகப் பேணப்பட்டுள்ளன. 1981 இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரியுண்டதை அறிந்த எமக்கு, ஏடுகளின் படியொன்று வேறோரிடத்தில் இருப்பதன் அருமையை எவரும் எடுத்துக் கூறவேண்டியதில்லை.

இவையனைத்தும் திரையிலே கிடப்பன. மேசைமேற் கிடப்பதற்கும் திரையிற் கிடப்பதற்கும் வேறுபாடு உண்டு. எம் ஊர் வாசிகசாலைகளிலே பத்திரிகை விரித்தபடி கிடக்கும். பந்து விளையாட வந்தவனும் நின்று ஒரு பந்தி படித்துச் செல்வான். அதனை நினைந்தே, படியெடுக்க உரிமம் உள்ள கட்டுரைகளிலிருந்து மாதந்தோறும் நான்கைந்தைத் தெரிந்து, அச்சிட்டு, தைத்து, நூல்நிலைய மேசையில் வைத்துவருகின்றோம். ஒவ்வொன்றின் ஈற்றிலும் அருஞ்சொற்களுக்குத் தமிழ்ப் பொருள் எழுதுவது எம் வேலை. நாட்டிற் காகிதத் தட்டுப்பாடு நேர்ந்த 2022 இற் சில மாதம் இது நின்றுபோயிற்று. தெரிவு முற்றும் எம்முடையதாயிருத்தல் ஒரு குறையே. எமக்கு விளங்காதவை விடுபட்டுப்போகின்றன. கணினித் துறையிற் பணிபுரியும் பழைய மாணவர் ஆண்டுக்கொரு மாதமேனும் அத்தெரிவைப் பொறுப்பேற்பின் அக்குறை தீரும். பன்னிருவர் போதும்.

பிறநாடுகளிலுள்ள பழைய மாணவர்க்கு மற்றுமொரு வேண்டுகோள். வீட்டு நிலவறையிலோ பரணிலோ பழைய கணினிச் சஞ்சிகைகள் இருப்பின், அவற்றைக் குப்பையிற் சேர்க்குமுன் எமக்கு ஒரு கடிதம் எழுதுக. முன்னர்க் கூறிய ஏழு இதழ்களுள் ஐந்து இன்னும் எம் நூல்நிலையத்தில் உள்ளன. இரண்டு இடப்பெயர்வின்போது தொலைந்தன. 1981 ஓகத்துப் பைற் இதழ் அக்கட்டில் என்றுமே இருந்ததில்லை. அதனை யாம் திரையிலேயே படித்துள்ளோம்.