எந்த அடுப்பைக் கையில் எடுப்பது?

தை பிறந்தால் மல்லாங்கிணறு, காரியாபட்டி, அருப்புக்கோட்டைப் பக்கத்துப் பாலிடெக்னிக், பொறியியல் பிள்ளைகள் புராஜெக்ட் தேடி அலைவார்கள். நான் இயற்பியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால் என்னிடமும் வருவார்கள். "ஊருக்கு உபயோகமா ஏதாவது பண்ணணும் சார்" என்பார்கள். கையிலிருக்கும் தாளைப் பிரித்தால் பெரும்பாலும் சூரிய அடுப்பு.

ஏன் இதை எடுத்தாய் என்று கேட்டால் இரண்டு பதில்தான் வரும். ஒன்று, போன வருடம் சீனியர் செய்து பரிசு வாங்கினார். மற்றது, அப்பா சொன்னார்: "கமுதியிலயே அம்புட்டுப் பெரிய சோலார் வந்திருக்கு. சோலார்னு சர்டிபிகேட்ல இருந்தா வேலை நிச்சயம்." கமுதியில் 2016-இல் வந்த 648 மெகாவாட் நிலையம் வெயிலை மின்சாரமாக்குகிறது. அங்கே ஆள் எடுப்பவர், 'நீ வெயிலில் சோறு வடித்தாயா?' என்று கேட்கப்போவதில்லை.

நல்ல மனதோடு வருகிற பிள்ளைகள் தவறான இடத்தில் ஒரு வருடத்தைக் கொட்டுவதைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை. அதனால் இந்த வழிகாட்டி. 'ஏழை வீட்டு அடுப்பு' என்ற பொருளில் புராஜெக்ட் செய்ய உங்கள் முன்னால் என்னென்ன வழிகள் உண்டு, எதற்கு என்ன மதிப்பு என்று பார்ப்போம்.

தெரிந்த வழிகள்

கேஸைப் பற்றி நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. 2007-இல் தமிழக அரசு இலவச கேஸ் அடுப்பு கொடுக்கத் தொடங்கியது. 2016-இல் மத்திய அரசின் உஜ்வலா வந்தது. நம் ஊர்களில் கேஸ் இல்லாத வீடு குறைவு. 2022-இல் சிலிண்டர் விலை ஆயிரம் ரூபாயைத் தாண்டியதும், டீ போட மட்டும் கேஸ், சோற்றுக்கு விறகு என்று பல வீடுகள் பிரித்துக்கொண்டன. அதில் மாணவர் செய்ய ஒன்றுமில்லை.

மின்சாரத்தை யாரும் கணக்குப் போட்டுப் பார்ப்பதில்லை. தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் வீடுகளுக்கு இலவசம். 700 வாட் ரைஸ் குக்கர் தினமும் அரை மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்துக்கு 21 யூனிட். விளக்கும் மின்விசிறியும் மட்டும் உள்ள வீட்டில் இது அந்த நூறுக்குள்ளேயே பெரும்பாலும் அடங்கிவிடும். இதை வீடு வீடாகக் கணக்கெடுத்து ஒரு அறிக்கை எழுதினாலே நல்ல புராஜெக்ட்.

சாண எரிவாயு நல்லதுதான், இடம் பார்த்துச் செய்தால். இரண்டு கன மீட்டர் கலத்துக்கு நாளொன்றுக்கு ஐம்பது கிலோ அளவுக்குச் சாணம் வேண்டும். நான்கைந்து மாடு, சாணத்தைக் கரைக்க அதே அளவு தண்ணீர். திருச்சுழிப் பக்கம் ஆடு வளர்ப்பவர்தான் அதிகம். தண்ணீரோ குடத்துக்கு வரிசை. தஞ்சாவூர்ப் பிள்ளை இதை எடுக்கட்டும்.

மினுக்கும் பெட்டி

இனி சூரிய அடுப்பு. இதில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். ஏழை நாடுகளின் பசியைத் தீர்க்கும் மருந்து என்று இதைச் சொல்லிச் சொல்லியே தலைமுறைகள் போய்விட்டன.

இது புதிதல்ல. 1767-இல் சுவிட்சர்லாந்தின் தெ சொசூர் கண்ணாடிப் பெட்டிக்குள் பழம் வேகவைத்தார். 1870-களில் பம்பாயிலிருந்த வில்லியம் ஆடம்ஸ் என்ற ஆங்கிலேயர் சூரிய அடுப்பில் சமைத்துக் காட்டி, 1878-இல் அதைப் பற்றிப் புத்தகமும் எழுதினார். 1950-களில் டெல்லியின் தேசிய இயற்பியல் ஆய்வகம் குழியாடி அடுப்பு ஒன்றை உருவாக்கியது. கடைக்கு வந்தது, வாங்க ஆளில்லை. 1980-களில் அரசு மானியம் கொடுத்துப் பெட்டி அடுப்பைப் பரப்பியது. வாங்கியவர்களில் பலர் மாதச் சம்பளக்காரர்கள். இத்தனை முறை கொடுத்தும் ஏழை வீட்டு முற்றத்தில் அது நிற்கவில்லை என்றால் குறை ஏழையிடம் இல்லை.

முதலில் இயற்பியல். உச்சி வெயிலில் ஒரு சதுர மீட்டரில் விழுவது ஏறக்குறைய 1000 வாட். அரை மீட்டருக்கு அரை மீட்டர் கண்ணாடி போட்ட பெட்டி என்றால் 250 வாட். மேல்மூடி ஆடியின் பிரதிபலிப்பு கூடக் கொஞ்சம். இழப்புப் போக, பாத்திரத்துக்குள் மூன்றில் ஒரு பங்கு போய்ச் சேர்ந்தாலே அதிகம். கேஸ் அடுப்பின் ஒரு பர்னர் இரண்டு கிலோவாட்டுக்கு மேல். அதனால்தான் பெட்டியில் சோறு வேக ஒன்றரை, இரண்டு மணி நேரம். பருப்புக்கு இன்னும் கூட. தாளிக்க முடியாது, தோசை சுட முடியாது. தாளிப்பில்லாத குழம்பை எந்த வீட்டில் இறக்குவார்கள்? குழியாடி அடுப்பில் சூடு போதும்; ஆனால் கால் மணிக்கொரு தரம் வெயிலைப் பார்த்துத் திருப்ப வேண்டும், கண் கூசும், கரிசல் புழுதி படிந்தால் துடைக்க வேண்டும்.

அடுத்தது கடிகாரம். நம் வீடுகளில் விடியுமுன் உலை ஏறிவிடும். பட்டாசு, தீப்பெட்டி ஆலை வண்டியும் மில் வண்டியும் வாசலுக்கு வருவதற்குள் தூக்குச்சட்டியில் சோறும் வெஞ்சனமும் ஏறியாக வேண்டும். நூறு நாள் வேலைக்குப் போகிறவரும் அப்படித்தான். மறுபடி அடுப்பு எரிவது விளக்கு வைத்த பிறகு. சூரிய அடுப்பு வேலை செய்யும் பதினோரு மணிக்கும் இரண்டு மணிக்கும் இடையில் அந்த வீட்டில் ஆள் இருக்காது. இருப்பது ஆடும் காக்கையும். ஐப்பசி, கார்த்திகையில் மேகம் மூடினால் அதுவும் இல்லை.

மூன்றாவது, எல்லாரும் தாண்டிப் போகிற விஷயம்: விறகு. விறகு கிடைக்காமல் பெண்கள் மைல்கணக்கில் நடக்கிறார்கள் என்பதுதான் இந்த அடுப்புக்குச் சொல்லப்படும் முதல் காரணம். ஆப்பிரிக்காவின் சாடு நாட்டு அகதி முகாம்களில் அது உண்மை. விறகு பொறுக்க வெளியே போன பெண்கள் தாக்கப்பட்டதால் அங்கே சூரிய அடுப்பு கொடுத்தார்கள். அது பாதுகாப்பும் ஆனது. மல்லாங்கிணற்றில் என்ன நிலை? கம்மாய்க்கரை, புறம்போக்கு, விதைக்காத கரிசல் எல்லாம் சீமைக்கருவேலம். 2017-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை வேரோடு அகற்றச் சொல்லியும் முடிந்தபாடில்லை. அதை வெட்டி மூட்டம் போட்டுக் கரியாக்கி விற்றே பல குடும்பங்கள் பிழைக்கின்றன. இந்த ஊரில் ஏழையிடம் இல்லாதது கையில் காசும் காட்டில் தண்ணீரும். காசு கொடுக்காமல் கிடைக்கும் விறகை மிச்சப்படுத்தும் கருவிக்குக் காசு கேட்டால் அது வறுமைக்கு மருந்தாகுமா?

சூரிய அடுப்பு வென்ற இடங்களும் உண்டு. திருமலையில் 2002 முதல், சீரடியில் 2009 முதல் குழியாடிகள் வரிசையாக நின்று நீராவி தயாரித்தன. ஆயிரக்கணக்கானோருக்குச் சமையல் நடந்தது. ஆரோவில் சமுதாயச் சமையற்கூடத்தின் கூரைமேல் பதினைந்து மீட்டர் அகலத்தில் ஒரு கிண்ணமே இருக்கிறது. இவை எல்லாம் பகலில் சமைக்கும் பெரிய சமையற்கூடங்கள். பார்த்துக்கொள்ளச் சம்பளத்துக்கு ஆள் உண்டு. செய்தே தீருவேன் என்பவர் ஒரு விடுதிக்கோ ஆசிரமத்துக்கோ செய்யுங்கள். கூலி வீட்டு வாசலில் கொண்டுபோய் வைக்காதீர்கள். அட்டைப்பெட்டிக்கு அலுமினியத் தாள் ஒட்டி, முட்டை அவித்து, கலெக்டர் கையால் கோப்பை வாங்கியதோடு முடிகிற புராஜெக்ட்டுகளை நடுவராக உட்கார்ந்து போதும் போதும் என்ற அளவுக்குப் பார்த்துவிட்டேன்.

நான் கை காட்டுவது

விறகு தீராது என்றால் புகையைத் தீர்க்க வேண்டும். வீட்டுக்குள் எரியும் அடுப்பின் புகையால் உலகில் 2020-இல் சுமார் 32 லட்சம் பேர் இறந்தார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. என் அம்மா ஊதுகுழலோடு இருமியே காலம் கழித்தவர். அதனால் எனக்குப் புகைபோக்கி அடுப்பின் மேல் தனிப் பிரியம் உண்டு, இருக்கட்டும். 1953-இல் ஐதராபாத்தின் எஸ்.பி. ராஜு புகையில்லா அடுப்பு செய்தார். 1983-இல் தொடங்கிய தேசியத் திட்டம் கோடிக்கணக்கில் கட்டிக்கொடுத்து 2002-இல் நின்றது. பல அடுப்புகள் ஒன்றிரண்டு வருடத்தில் விரிசல் விட்டன. அவை ஏன் உடைந்தன, நம் கரிசல் மண்ணில் எது நிற்கும், கரி படிந்த குழாயை யார் துடைப்பது என்று கேட்டுப் போனால் நான்கு பேருக்கு வருடம் முழுக்க வேலை இருக்கிறது.

வெயிலைத்தான் பிடிப்பேன் என்றால் வத்தலுக்குப் போங்கள். விருதுநகர் வத்தலுக்குப் பேர்போன சந்தை. பழுத்த மிளகாயில் முக்கால் பங்கு தண்ணீர். அது பத்துச் சதவீத அளவுக்கு இறங்கினால்தான் வத்தல் தாங்கும். இன்று களத்திலும் தார்ச்சாலையிலும் காய்கிறது. ஒரு கோடைமழை போதும், நிறம் வெளுத்து விலை பாதியாகும். பூஞ்சை பிடித்தால் அஃப்ளாடாக்சின் நஞ்சு என்று ஏற்றுமதியில் திருப்பிவிடுவார்கள். பாலித்தீன் கூடார உலர்த்தி ஒன்றைக் குழுவாகப் பத்து விவசாயிகளுக்குச் செய்து கொடுங்கள். அங்கே வெயில் காசாகும்.

எதை எடுத்தாலும்

மண்ணோடு பழக முடிகிறவன் அடுப்புக் கட்டட்டும். எண்களில் கை ஓடுகிறவள் மின் கணக்கெடுக்கட்டும். கோப்பை யாருக்குக் கிடைத்தது என்று பார்த்துத் துறையைப் பிடிக்கிறவர் அடுத்த வருடம் வேறொன்றுக்குத் தாவுவார். காந்தியப் பொருளியலாளர் ஜே.சி. குமரப்பா கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்தவர். கிராமத் தொழில்களில் ஆயுளைச் செலவிட்டு, கடைசி ஆண்டுகளை நமக்குப் பக்கத்திலுள்ள தே. கல்லுப்பட்டியில் கழித்தார். சின்ன வேலை என்று அவர் எதையும் தள்ளவில்லை, அவசரப்படவும் இல்லை.

பெற்றோர்களே, பிள்ளை எதில் கை வைத்தால் நேரம் போவது தெரியாமல் இருக்கிறது என்று பாருங்கள். பக்கத்து வீட்டுப் பையனைப் பார்க்காதீர்கள். பிள்ளைகளே, வரைபடம் போடுமுன் ஒரு வீட்டின் அடுப்படியில் ஒரு வாரம் உட்காருங்கள். எத்தனை மணிக்கு உலை ஏறுகிறது, எதற்குக் காசு போகிறது, யார் இருமுகிறார் என்று எழுதிக்கொள்ளுங்கள். அந்த நோட்டோடு என்னிடம் வாருங்கள். தலைப்பைப் பிறகு பேசலாம்.