எஞ்சின் அல்ல, இறக்கை!

ஆட்டோபைலட் சோதனைக்கு ரேடியோ விமானம் தேடும் நம் மாணவர்கள் முதலில் மோட்டார் சக்தியைத்தான் கேட்கிறார்கள். ரயில் பாலத்துக்கு அச்சுச் சுமை எப்படியோ, விமானத்துக்கு இறக்கைச் சுமை அப்படி.

180 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலமுள்ள இறக்கையின் பரப்பு 54 சதுர டெசிமீட்டர். பேட்டரி, கருவிகள் உட்பட மொத்த எடை 3 கிலோ என்றால், சதுர டெசிமீட்டருக்குச் சுமார் 55 கிராம்; நிதானமாகப் பறக்கும். அதே இறக்கையில் 6 கிலோ ஏற்றினால் தரையிறங்கும் வேகம் 1.4 மடங்காகும், தரையில் மோதும் ஆற்றலோ 4 மடங்கு! விமானம் நொறுங்குவது இதனால்தான்.

ஆகவே, உடலுக்கு மேலே அமைந்த அகன்ற இறக்கையைத் தேர்ந்தெடுங்கள். அதை ரப்பர் வளையங்களால் கட்டினால், மோதும்போது கழன்றுகொள்ளும், முறியாது.

ஒரு வேண்டுகோள்: தாராவி, மாட்டுங்கா, செம்பூர் மூன்றும் விமான நிலையத்துக்கு அருகில் உள்ளவை. 2021 ட்ரோன் விதிகளின்படி அனுமதியின்றி அங்கே பறக்கவிடாதீர்கள்.